மூன்று சுற்று

பட்டறைக்குப் பின்னால், புல்தரையில், காலையில் ஒரு வட்டம் கிடந்தது.

பல் விளக்கிக்கொண்டே பின்கதவைத் திறந்தபோதுதான் அவன் அதைப் பார்த்தான். நேற்று மாலைவரை முழங்கால் உயரத்துக்குப் புல் நின்ற இடம். இப்போது அங்கே மண் கிளறி, வேர்களெல்லாம் மேலே வந்து, ஓரங்களில் மட்டும் கத்தியால் நறுக்கினதுபோல் சுத்தமாகப் புல் நின்றிருந்தது. வேறு யாராக இருந்தாலும் பன்றி வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கப் போயிருப்பார்கள். அவனால் முடியவில்லை. இருபது வருடமாக அவன் சாப்பிடுவதே இந்த மாதிரி வட்டங்களை வைத்துத்தான்.

பொறியில் மாட்டிய விலங்கு ஓடத்தான் பார்க்கும். மண்ணுக்குள் இருக்கிற முளை விடாது. சங்கிலி எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் பாய்ந்து, சுண்டி விழுந்து, எழுந்து, மறுபடியும் பாய்ந்து, முளையைச் சுற்றிச் சுற்றி ஓடித் தரையையே உழுது வைத்துவிடும். காலையில் போய்ப் பார்த்தால் யாரோ கயிறு கட்டி அளந்து போட்ட மாதிரி ஒரு வட்டம் இருக்கும். அதைப் பார்த்தே எத்தனை அடிச் சங்கிலி, என்ன விலங்கு, எத்தனை மணி நேரம் மாட்டிக் கிடந்தது என்று அவன் சொல்லிவிடுவான். அதில் அவனுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

அவன் உள்ளே போய் அளவுகோலை எடுத்துவந்தான். அடிக்கு ஒரு வெட்டு போட்ட மூங்கில் குச்சி அது. நடுவிலிருந்து ஓரம்வரை வைத்துப் பார்த்தான். ஏழடி. எதிர்ப்பக்கம் வைத்தான். அதுவும் ஏழடி. நடுவில் முளை இருந்த ஓட்டையைத் தேடினான். ஓட்டை இல்லை. ஒரு பிடி புல்லும் அதில் ஒரு சின்ன மஞ்சள் பூவும் தூறல் ஈரத்தோடு அப்படியே நின்றிருந்தன.

வாயிலிருந்த பற்பசை நுரை தாடையில் வழிந்து சட்டையில் விழுந்த பிறகுதான் அவனுக்குத் துப்ப வேண்டும் என்பதே நினைவு வந்தது.

தங்கச்சி பட்டறைக்குள் தன் முக்காலியில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கியிருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு தகர டப்பா நிறையச் சுழல் வளையங்கள். சங்கிலிக்கும் கம்பிக்கயிற்றுக்கும் நடுவில் மாட்டுகிற சின்னச் சாமான் அது. விலங்கு எந்தப் பக்கம் சுற்றினாலும் அந்த வளையம் கூடவே சுற்றிக்கொடுக்கும். கயிறு முறுக்கிக்கொள்ளாது, கால் திருகி அறுந்துபோகாது. ஒவ்வொரு வளையத்தையும் இரண்டு விரலால் பிடித்து மூன்று சுற்று சுற்றிப் பார்த்து, சிக்காமல் போனால்தான் அவள் பெட்டிக்குள் போடுவாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அது அவள் வேலை. புருஷன் செத்த பத்தாம் நாளே மறுபடியும் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"பின்னாடி நாய் ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டான்.

"சத்தம் எதுவும் கேக்கலையே அண்ணா." அவள் தலை நிமிரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. பெட்டியில் டங்கென்று விழுந்தது. "ஏன், என்ன?"

"ஒண்ணுமில்ல."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவனுக்குக் குறுகுறுக்கவில்லை, அந்த ஏழடிதான் மனசில் ஓடியது. ஏழடி அளவில் அவர்கள் ஒரே ஒரு பருவத்துக்குத்தான் சாமான் செய்தார்கள். தரைக்கு மேலே நாலரை அடிச் சங்கிலி, அதன் நுனியில் இரண்டரை அடிக் கம்பிக்கயிறு. அதில் ஒன்றில்தான் ஐந்து மாதத்துக்கு முன் மாப்பிள்ளை செத்துப்போனான்.

அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் வட்டத்தைச் சமப்படுத்தினான். மஞ்சள் பூவை மட்டும் வெட்டக் கை வரவில்லை.

மறுநாள் அதே இடத்தில் எதுவும் இல்லை. வட்டம் நகர்ந்து வந்து, பாதி சமையலறைப் படியில் ஏறியிருந்தது. மண்ணில் கிளறல், படியின் சிமெண்டில் கீறல். இரண்டும் சேர்ந்து ஒரே கோடாக வளைந்து போயின. மழைக்காலம். வானம் மூன்று நாளாக ஒரே சாம்பல் நிறத்தில், காலை எது மதியம் எது என்று தெரியாமல், கூரைத் தகரத்தில் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. அந்த ஈரக்காற்றில் இன்னொரு வாடையும் இருந்தது. துருப்பிடித்த இரும்பின் வாடை, அதற்குள்ளே மாட்டிக்கொண்ட விலங்கு பயத்தில் விடுகிற நெடி. அந்த நெடி ஒருமுறை துணியில் ஏறினால் மூன்று துவையலுக்குப் போகாது. அவன் தன் சட்டையை முகர்ந்து பார்த்தான். அதிலிருந்துதான் வந்தது.

பதினோரு மணிக்கு வேன்காரன் வந்து வாசலில் ஹாரன் அடித்தான். வாரம் இரண்டு முறை வந்து மூட்டை கட்டின சாமான்களை எடுத்துப்போகிற ஆள். வாய் ஓயாதவன். அவன் வந்து போனால் அரை மணி நேரத்துக்குப் பட்டறை நிசப்தமாக இருப்பது போலத் தோன்றும்.

வேன்காரனிடம் கொடுக்க, அவன் சங்கிலி மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தான். கேட்டுக்கு இரண்டு எட்டு முன்னால் வலது மணிக்கட்டில் ஏதோ பிடித்தது.

முள் மாட்டினது போலத்தான் முதலில் இருந்தது. திரும்பிப் பார்த்தான். ஒன்றுமில்லை. கையை முன்னே நீட்டினான். மணிக்கட்டு ஓர் அளவுக்கு மேல் வரவில்லை. வலிக்கவில்லை. போகவில்லை, அவ்வளவுதான். காலை முன்னே வைத்தான்; உடம்பு போனது, கை பின்னால் நின்றது. தோள்பட்டை மளுக்கென்றது. மூட்டை கீழே விழுந்தது.

"என்ன முதலாளி, வீட்டுக்குள்ளேர்ந்து யாராவது பிடிச்சு இழுக்குறாங்களா?" வேன்காரன் சிரித்தான். "கல்யாணம் பண்ணாத ஆளுக்கே இந்தக் கதின்னா, என்னை மாதிரி ஆளெல்லாம் எங்க போறது?"

"சுளுக்கு" என்றான் அவன். "நீயே வந்து எடுத்துக்க."

வேன்காரன் உள்ளே வந்து மூட்டையைத் தூக்கினான். போகும்போது பட்டறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "தங்கச்சி முகத்தப் பாத்தா மனசு கேக்கல முதலாளி. மாப்பிள்ளை மாதிரி ஒரு மனுஷன் கிடைக்க மாட்டான். நாலு நாள் வெளியூர்ல இருக்காருன்னு எல்லாரும் நினைச்சோம். பக்கத்துலயே கிடந்திருக்காரு பாருங்க."

"ம்" என்றான் அவன்.

வேன் போன பிறகு அவன் அளவுகோலை எடுத்துவந்து கேட்டிலிருந்து தான் நின்ற இடம்வரை அளந்தான். ஏன் அளக்கிறோம் என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது. தொழில் புத்தி. மறுநாள் காலை மறுபடியும் நடந்து பார்த்தான். இந்தமுறை கேட்டுக்கு ஏழெட்டுக் காலடி முன்னாலேயே கை நின்றுவிட்டது. வேப்பமரத்தடியைக்கூடத் தாண்ட முடியவில்லை.

மாப்பிள்ளை நல்லவன் என்று ஊரெல்லாம் சொன்னது பொய்யில்லை. அதுதான் அவனுக்கு எரிச்சல். பட்டறை அவனுடையது, பெயர் அவனுடையது; ஆனால் வருகிறவன் எல்லாம் "மாப்பிள்ளை இல்லையா?" என்றுதான் கேட்பான். தூங்குமூஞ்சியைச் செய்ததும் மாப்பிள்ளைதான். பேருக்கு ஏற்ற சாமான். கூரான ஒரு இரும்புத் தகடு. அதன் முதுகில் சங்கிலி. கடப்பாரையால் அடித்து மூன்றடி ஆழத்துக்கு மண்ணுக்குள் இறக்கிவிட்டுக் கடப்பாரையை உருவிக்கொள்ள வேண்டும். சங்கிலியை இழுத்தால் உள்ளே தகடு புரண்டு குறுக்காகப் படுத்துக்கொள்ளும். அதற்கப்புறம் யானை இழுத்தாலும் வராது. "எழுப்ப எழுப்ப இன்னும் நல்லாப் புரண்டு படுத்துக்குவான் மச்சான், நம்ம தூங்குமூஞ்சி" என்று மாப்பிள்ளை அதற்குப் பெயர் வைத்தபோது தங்கச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

போன பருவத்தில் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. நாள் போதவில்லை. அறுபது உருப்படியைச் சுழல் வளையம் இல்லாமலே கட்டி அனுப்பிவிட்டான் அவன். சொந்த உபயோகத்துக்கு ஓடைப்பக்கம் வைத்த பத்தும் அப்படித்தான். யார் பார்க்கப்போகிறார்கள்? பத்து நாள் கழித்து மாப்பிள்ளை ஒரு கோணிப்பையோடு வந்து அதைப் பட்டறை மேஜையில் கொட்டினான். ஒரு நரியின் முன்னங்கால். கால் மட்டும். கயிறு பிழிந்த துணி மாதிரி முறுக்கியிருந்தது.

"சுத்திச் சுத்தித் தானே திருகிக்கிட்டிருக்கு மச்சான்" என்றான். குரல் உயரவில்லை. "நாளைக்கு ஓடைப்பக்கம் வெச்சதுக்கெல்லாம் நான் வளையம் போட்டுடறேன். அனுப்பின அறுபதையும் திருப்பி வாங்கணும். நீங்க சொல்லலைன்னா நானே காட்டிலாகாவுல போய்ச் சொல்லிடுவேன்."

இதைத் தங்கச்சி இல்லாத நேரத்தில்தான் சொன்னான். மச்சானின் மானம் போகக் கூடாதாம். அப்படிப்பட்ட ஆள்.

மறுநாள் மத்தியானம் அவன் ஓடைப்பக்கம் போனபோது தூரத்திலேயே சங்கிலிச் சத்தம் கேட்டது. இடுப்பில் கட்டர் இருந்தது. கம்பிக்கயிற்றை ஒரே கடியில் வெட்டுகிற கட்டர். அது இல்லாமல் யாரும் பொறி பார்க்கப் போவதில்லை. புதரை விலக்கிப் பார்த்தான். கரையிலிருந்து சரிந்து விழுந்ததில் மாப்பிள்ளையின் இடது கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கமாகத் திரும்பியிருந்தது. வலது மணிக்கட்டில் கம்பிக்கயிறு. வளையம் போடப்போன இடத்தில் ஸ்பிரிங் தட்டியிருக்கிறது. கயிற்றுச் சுருக்கில் இருக்கிற பூட்டு ஒரு பக்கம்தான் நகரும். இறுகும், தளராது.

"மச்சான்..." மாப்பிள்ளை சிரிக்கக்கூடச் செய்தான். "நல்ல நேரத்துல வந்தீங்க. கட்டர் இருக்கா?"

அவன் சட்டையைக் கீழே இழுத்து இடுப்பை மறைத்தான்.

"இரு, கொண்டாறேன்" என்றான்.

வீட்டுக்கு வந்தான். கைகால் கழுவினான். சாப்பிட்டான். தங்கச்சி கேட்டபோது, ஆர்டர் விஷயமாக வெளியூர் போயிருக்கிறான், நாலு நாளில் வந்துவிடுவான் என்றான். மூன்று நாள் அவன் அந்தப் பக்கமே போகவில்லை. நான்காம் நாள் விடிந்ததும் தனியாகப் போனான். வட்டம் ஏழடிக்கு உழுது கிடந்தது. முதல் வேலையாகச் சங்கிலிக்கும் கயிற்றுக்கும் நடுவில் ஒரு சுழல் வளையத்தை மாட்டினான். அப்புறம்தான் ஓடிப்போய் ஆட்களைக் கூட்டிவந்தான். எல்லோரும் பார்த்தார்கள். சாமானில் ஒரு குறையும் இல்லை, விதி என்றார்கள். அந்தச் சங்கிலியைத் தங்கச்சி கேட்டு வாங்கிப் பட்டறைச் சுவரில் ஆணியில் மாட்டிவைத்தாள். புருஷன் கடைசியாகத் தொட்ட பொருள் என்று வைத்துக்கொள்கிறாள் என நினைத்து அவனும் விட்டுவிட்டான்.

இப்போது அவன் எல்லை நாளுக்கு நாள் சுருங்கியது. கேட் போனது. வேப்பமரம் போனது. கிணற்றடி போனது. ஐந்தாம் நாள் காலையில் அவன் ஒன்றைக் கவனித்தான். மேஜையைச் சுற்றிப் போனாலும், கட்டிலைச் சுற்றி வந்தாலும், கழிவறைக்குப் போய்த் திரும்பினாலும் அவன் ஒரே பக்கமாகத்தான் திரும்பிக்கொண்டிருந்தான். செக்குமாடு மாதிரி, எப்போதும் வலப்பக்கம். மரத்தடியில் மாட்டின பன்றி இப்படித்தான் மரத்தைச் சுற்றிச் சுற்றித் தன் சங்கிலியைத் தானே குட்டையாக்கிக்கொள்ளும். முட்டாள் ஜென்மம், திரும்பிச் சுற்றினால் தளர்ந்துவிடும் என்று தெரியாதே என்று அவன் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறான்.

அவனுக்குத் தெரியும். அவன் மனிதன்.

அன்று மத்தியானம் முழுக்க அவன் பட்டறைக்குள் இடப்பக்கமாகச் சுற்றினான். பின்னோக்கி நடந்தான். இயந்திரத்தைச் சுற்றி, இரும்புக் குவியலைச் சுற்றி, தங்கச்சியின் முக்காலியைச் சுற்றி. எண்ணிக்கொண்டே சுற்றினான். நாற்பது. அறுபது. தலை கிறுகிறுத்தது. எண்பதாவது சுற்றில் கதவுப்பக்கம் போய்க் கையை நீட்டிப் பார்த்தான். கதவு ஒரு சாண் தள்ளிப்போயிருந்தது. நீளவில்லை. குறைந்திருந்தது. எந்தப் பக்கம் சுற்றினாலும் முறுக்கிக்கொண்டுதான் இருந்தது.

வளையம் இல்லை. இதில் சுழல் வளையம் இல்லை.

மணிக்கட்டைப் பார்த்தான். தோல் மேலே முழங்கைவரை சாய்வாகச் சாய்வாகக் கோடு விழுந்திருந்தது, பிழிந்த துணியில் விழுகிற மடிப்பு மாதிரி.

"ஏன் அண்ணா சுத்துறீங்க?"

தங்கச்சி வாசலில் நின்றிருந்தாள். கையில் ஒரு டம்ளர் தண்ணீர். வெளியே மழை வலுத்திருந்தது. அவள் தலையில் முந்தானை நனைந்து ஒட்டியிருந்தது. அவள் இடுப்பில் கட்டர் தொங்கியது. அவனுடைய கட்டர்.

"கை... கை ஒரு மாதிரி இருக்கும்மா. டாக்டரக் கூப்பிடு."

அவள் உள்ளே வந்து டம்ளரைத் தரையில் வைத்தாள். அவனுக்கு எட்டாத இடத்தில். வேண்டுமென்றே வைத்தாளா என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு சுவரிலிருந்து அந்தச் சங்கிலியை எடுத்தாள்.

"இதுல பாருங்க" என்றாள். விரலால் வளையத்தைச் சுற்றினாள். ஒன்று, இரண்டு, மூன்று. "நல்லாச் சுத்துது. எண்ணெய்கூட காயல. ஒரு கீறல் இல்ல." அப்புறம் அதன் கீழே இருந்த கம்பிக்கயிற்றைத் தூக்கிக் காட்டினாள். இரண்டரை அடியும் முறுக்கி, முறுக்கின இடத்தில் இழை பிரிந்து, நேராக்க முடியாமல் சுருண்டு நின்றது. "வளையம் இருந்தா கயிறு முறுக்காது. உங்களுக்குத் தெரியாததா அண்ணா?"

முழுப் பூசணிக்காயை ஒரு சின்ன வளையத்தில் மறைக்கப் பார்த்திருக்கிறான். வளையத்தை மாட்டினவனுக்குக் கயிற்றை மாற்றத் தோன்றவில்லை. ஊரில் எவன் கண்ணுக்கும் படாது; இருபது வருடமாக வளையம் சுற்றுகிற ஒருத்தியின் கண்ணுக்குப் படாமல் இருக்குமா?

"அஞ்சு மாசமா தினம் பாக்குறேன்" என்றாள். "நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அவரு கத்துறப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்களா? அது மட்டும் சொல்லுங்க. சொன்னா இப்பவே வெட்டி விட்டுடறேன். கட்டர் என்கிட்டதான் இருக்கு."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். சின்ன வயதில் அவன் பொய் சொன்னால் நேராகப் பார்த்துக்கொண்டே நிற்பாளே, அதே பார்வை. ஒரு வார்த்தை போதும். ஆமாம் என்றால் போதும். நாக்கின் நுனிவரை வந்தது.

"சத்தியமா இல்லம்மா" என்றான். "நாலாம் நாள்தான் நான் அங்க போனேன். போனப்பவே அவன்..."

அவன் முடிக்கவில்லை. காலுக்குக் கீழே ஏதோ அசைந்தது.

பட்டறைத் தரை கெட்டியான சிமெண்ட். அவனே நின்று போட்ட தளம். அதற்கு அடியில், மூன்றடி ஆழத்தில், தூங்குகிற ஓர் ஆள் சுவரைப் பார்த்துப் புரண்டு படுத்தது போல இருந்தது. நிதானமாக. சௌகரியமாக. முழு எடையோடு.

மணிக்கட்டு சுண்டியது. அவன் முழங்காலிட்டு விழுந்தான்.

தங்கச்சி தரையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அழவில்லை. சங்கிலியை மறுபடியும் ஆணியில் மாட்டினாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"இருங்க அண்ணா" என்றாள். "கொண்டாறேன்."

கட்டர் அவள் இடுப்பில் ஆடிக்கொண்டே போனது.

அந்த வார்த்தையை ஓடைக்கரையில் இரண்டு பேர்தான் கேட்டார்கள். ஒருவன் சொன்னவன். அவன் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். அம்மா என்று கத்தினான். சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தட்டு எடுத்து வைக்கும் சத்தம். அவள் கைகால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தாள்.

அவன் ஓடினான். ஓடத்தான் முடியும். கதவை நோக்கிப் பாய்ந்து சுண்டி விழுந்தான். எழுந்தான். ஜன்னலை நோக்கிப் பாய்ந்தான். டம்ளரை நோக்கிப் பாய்ந்தான். விரல் நுனிக்கு ஒரு அங்குலம். கால் நகம் சிமெண்டில் கீறியது. கீறல் வளைந்தது. இழுத்தால் அடியில் அது இன்னும் நன்றாகப் படுத்துக்கொண்டது. இழுக்காமல் இருக்க வேண்டும் என்று தெரிந்தது. தெரிந்தும் இழுத்தான்.

மறுநாள் காலை அவள் வந்தாள். வட்டத்துக்கு வெளியே நின்றாள். அளவுகோலை நீட்டி அளந்தாள். நாலடி. போய்விட்டாள்.

மத்தியானம் வேனின் ஹாரன் கேட்டது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. கூரைத் தகரம் இடியாக அதிர்ந்தது. அவன் கத்தினான். தன் குரல் தன் காதுக்கே எட்டவில்லை. ஆனால் வாசலில் அவள் பேசினது மட்டும் அவனுக்குத் தெளிவாகக் கேட்டது.

"அண்ணன் ஆர்டர் விஷயமா வெளியூர் போயிருக்காரு. நாலு நாள்ல வந்துடுவாரு."

"சரிம்மா, நான் வந்தேன்னு சொல்லிடுங்க." கதவடைக்கும் சத்தம். வேன் போய்விட்டது.

அதற்கு அடுத்த காலை இரண்டடி.

அவன் தரையில் காது வைத்துக் கிடந்தான். தலை தூக்க முடியவில்லை. வலது கை தோளிலிருந்து கீழே ஒரு கயிறாகியிருந்தது. வலி நின்றுவிட்டிருந்தது. அது நின்றதுதான் பயமாக இருந்தது. சிமெண்டுக்கு அடியில் மூச்சு கேட்டது. குறட்டை இல்லை. விழித்துக்கொண்டிருக்கிற ஆளின் மூச்சு.

"மச்சான்" என்றது. ரொம்பப் பக்கத்தில். "கட்டர் இருக்கா?"

"நான்தான்" என்றான் அவன் தரையிடம். உதடு சிமெண்டில் உரசியது. "இருந்துச்சு. இடுப்புலயே இருந்துச்சு. நான்தான். மன்னிச்சிடு மாப்பிள்ளை. விட்டுடு."

அடியில் புரண்டு படுத்தது.

நான்காம் நாள் மழை விட்டது. பட்டறைக்குள் வெயில் வந்து கீறல்மேல் விழுந்தது. அவள் வந்தாள். இந்தமுறை வட்டத்துக்குள் வந்து அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். அளவுகோல் இல்லை. அளக்க ஒன்றும் இல்லை. அவன் மணிக்கட்டு தரையோடு தரையாக இருந்தது. சிமெண்டு விண்டிருந்தது. விண்ட இடத்திலிருந்து அதைச் சுற்றிப் பிடித்திருந்தது கம்பிக்கயிறு இல்லை. ஐந்து விரல். நகத்தில் ஓடை மண்.

அவளும் அதைப் பார்த்தாள். அந்த விரல்களின் மேல் மெதுவாகக் கை வைத்துத் தடவிக்கொடுத்தாள். அப்புறம் அவன் உள்ளங்கையை இரண்டு விரலால் பிடித்தாள்.

சுற்றினாள்.

ஒன்று.

அவன் தன் கை முழுதாக ஒரு சுற்று சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். எங்கேயும் சிக்கவில்லை.

இரண்டு.

மூன்று.

அவள் குனிந்து விரிசலில் வாய் வைத்து, புருஷனைக் கூப்பிடுகிற அதே குரலில் சொன்னாள்:

"ஏங்க, இது நல்லாச் சுத்துதுங்க."